பாதைப் பகுப்பாய்வில் என் பின்னணிப் பட்டியலைத் திருத்திய கதை

கல்லீரல் திசுவின் ஆர்என்ஏ வரிசைத் தரவில் வெளிப்பாடு (இயங்கும் அளவு) மாறுபட்டிருந்த மரபணுக்களை, அவை எந்தப் பாதைகளில் மிகுதியாகக் குவிந்துள்ளன என்று சோதிக்கும் க்ளஸ்டர்புரொஃபைலர் கருவியில் இட்டு, கெக் (KEGG) தரவுத்தளத்தின் பாதைகளோடு, அதாவது ஒரே பணியில் சேர்ந்து இயங்கும் மரபணுக் குழுக்களோடு, ஒப்பிட்டபோது, கொழுப்பு அமிலச் சிதைவும் பித்த அமில உற்பத்தியும் முதலிடத்தில் வந்து நின்றன. மகிழ்ச்சி இரண்டு நாள்தான் நீடித்தது. ஏதோ ஓர் ஐயத்தில், அதே திசுவில் வெளிப்பட்ட மரபணுக்களிலிருந்து குருட்டாம்போக்கில் சிலவற்றை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஏறத்தாழ அதே பாதைகளே மேலே வந்தன.

பின்னணிப் பட்டியலை, அதாவது எந்த மரபணுத் தொகுப்போடு ஒப்பிட வேண்டும் என்பதை, நான் குறிப்பிடாததால், தரவுத்தளத்தில் உள்ள எல்லா மரபணுக்களையும் கருவி பின்னணியாகக் கொண்டிருந்தது. மனிதரில் புரதம் குறிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. கல்லீரலில் அவை அனைத்தும் இயங்குவதில்லை. மூளையில் மட்டும் இயங்குபவற்றையும் சேர்த்துச் சோதித்தால், கல்லீரல் கல்லீரல்தான் என்பதே நிரூபணமாகும்.

எனவே, வடிகட்டலுக்குப் பின் எஞ்சி, புள்ளியியல் சோதனைக்கு உட்பட்ட மரபணுக்களை மட்டும், பின்னணியைக் குறிக்கும் யுனிவர்ஸ் என்ற அளவுருவில் கொடுத்தேன். மரபணுப் பெயர்களை என்ட்ரெஸ் எனும் அடையாள எண்களாக மாற்றும்போதுதான், செப்டின் குடும்பத்தில் சில பெயர்கள் (SEPT1 போன்றவை) விரிதாளில் தேதிகளாக உருமாறிக் கிடந்ததைக் கண்டேன். (2020இல் வெளியான பெயரிடல் நெறிமுறைகள் இச்சிக்கலையும் கருத்தில் கொண்டவை, என் பழைய கோப்புக்கு அது எட்டவில்லை.) அந்த நெடுவரிசையை உரையாக இறக்குமதி செய்ததும் அது தீர்ந்தது.

மறு ஓட்டத்தில் பித்த அமிலப் பாதை மறைந்தது. திருத்திய பி மதிப்பு (பல பாதைகளைச் சோதித்ததற்கு ஈடுசெய்த புள்ளியியல் அளவு) 0.05க்குக் கீழே நின்ற மிகச் சில பாதைகளை மட்டுமே என் வழிகாட்டியிடம் காட்டினேன்.