கரைஞ்சுபோன சஜிட்டேரியா புல்லு திரும்ப தளிர்த்தது – என் அனுபவம்

பாளையங்கோட்டைல நம்ம வீட்டு ரெண்டடி மீன் டேங்க்ல முன்பக்கம் புல்லு மாதிரி வரணும்னு ஆசைப்பட்டு ட்வார்ஃப் சஜிட்டேரியான்னு தண்ணிக்குள்ள வளர்ற குட்டைச் செடி 10 நட்டேன், ரெண்டே வாரத்துல இலையெல்லாம் கரைஞ்சு போச்சு, மனசே விட்டுப்போச்சு. பிடுங்கி எறியலாம்னு இருந்தப்ப மீன் கடை அண்ணாச்சிதான் "பொறுங்க தம்பி, வேரு வெள்ளையா இருந்தா செடி சாவல"ன்னு சொன்னாவ. பாத்தா வேரு நல்லாத்தான் இருந்துச்சு. தண்ணிக்கு வெளிய வளத்த செடின்னா பழைய இலை உள்ள நிக்காதாம், புது இலைதான் வரணும்.

ஆனா தப்பு என் மேலயும் இருந்துச்சு. மிதக்குதேன்னு குருத்து வரைக்கும் புதைச்சிட்டேன், அதான் அழுகுது. ஒவ்வொண்ணா மெல்ல மேல இழுத்து, வேரு மட்டும் உள்ள, குருத்து வெளிய தெரியுற மாதிரி வச்சேன். வெறும் கழுவுன மணல்ல என்ன சத்து இருக்கும், இது வேரு வழியா நல்லா சாப்பிடுற செடி, அதனால ரூட் டேப்லெட்னு வேருக்கு வைக்கிற உர மாத்திரைய நாலஞ்சு இடத்துல மணலுக்குள்ள அமுக்கினேன். லைட்டு 7 மணி நேரம், செடிக்கு விடுற சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) வாயு போடவே இல்ல. புது இலை வெளிறி வந்தப்ப இரும்புச்சத்து உரம் கொஞ்சம் விட்டேன், அடுத்த இலை பச்சையா வந்துச்சு.

ஒண்ணரை மாசத்துல மணலுக்கடில கொடி ஓடி அங்கங்க குட்டி முளைச்சு கெடக்கு, பாக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கு. குட்டிக்கு வேரு பிடிச்ச பொறவு கொடிய வெட்டி காலி இடத்துல நட்டுக்கிடலாம்.