மான் வயசு கொம்பில் இல்லை, கடைவாயில்

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டையாடுபவர்களில் சிலர் கொம்புக் கிளையை எண்ணி வயசு சொல்வார்கள். நம்பாதீர்கள். தீனி நன்றாக இருந்தால் ஒன்றரை வயசு மானுக்கே 8 கிளை வரும்.

நம்மூர்ச் சந்தையில் ஆட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது போலத்தான், ஆனால் முன்பல்லை விட்டுவிட்டுக் கீழ்த்தாடைக் கடைவாயைப் பாருங்கள். டார்ச் அடித்து முன்னாலிருந்து மூன்றாவது பல்லைத் தேடுங்கள். அதில் மூன்று முகடு இருந்தால் பால்பல். ஏறத்தாழ 19 மாதத்தில் அது விழுந்து, இரண்டு முகடுள்ள பல் முளைக்கும். இலையுதிர்கால வேட்டையின்போது அது முழுசாக முளைத்திருந்தால் பெரும்பாலும் இரண்டரை வயசோ அதற்கு மேலோ.

அதற்குப் பிறகு தேய்மானம்தான் கணக்கு. வெள்ளை எனாமலைவிட நடுவிலுள்ள பழுப்புப் பட்டை அகலமாக ஆக வயசு கூடும். மணற்பாங்கான இடத்து மானுக்குப் பல் சீக்கிரம் தேயும், ஒரு வயசு முன்பின் ஆகலாம்.