உப்பு கம்பிகிட்ட வந்துட்டான்னு பாக்குறது எப்படி?

உவரி, கூடங்குளம் பக்கம் கடலோரமா வீடுன்னா காங்கிரீட் கெட்டியாத்தான இருக்குன்னு விட்டுறாதிய அண்ணாச்சி, உள்ள பொடித் துளையில நிக்க தண்ணி வழியாவே உப்புல உள்ள குளோரைடு அயனி மெல்ல நகர்ந்து போவும், கொஞ்சத்த சிமெண்டே புடிச்சு வச்சிக்கிடும், மிச்சம் காங்கிரீட் உள்ள கெடக்க கம்பியத் தேடிப் போயி துருப்புடிக்க வச்சிரும்.

ஓரமா ஒரு துண்டு உடைச்சு, தண்ணி படாம, அந்தப் புது முகத்துல சில்வர் நைட்ரேட் ஸ்ப்ரே பண்ணுங்க, லிட்டர் காய்ச்சி வடிச்ச தண்ணிக்கு 17 கிராம். கிளவுஸ் முக்கியம், விரல்ல பட்டா கறுத்துப் போவும், சோப்பு போட்டாலும் லேசுல போவாது. வெள்ளையா திரிஞ்ச வரைக்கும் உப்பு ஏறியாச்சு, பழுப்பான இடத்துக்கு இன்னும் அவ்வளவா வரல. ஸ்கேல் வச்சு அளந்து, கம்பி எத்தன ஆழத்துல கெடக்குன்னு ஒப்பிட்டுக்கிடுங்க.

புதுசா கட்டுறவிய, கடல் சாரல் படுத இடத்துக்கு ஐஎஸ் 456ங்க இந்திய காங்கிரீட் தர விதி கேக்கது 50 மில்லிமீட்டர் கவர் (கம்பிக்கு வெளிய மூடுத காங்கிரீட் கனம்), தண்ணி-சிமெண்ட் விகிதம் 0.45க்குள்ள. கொத்தனார் இளக்கமா இருக்கட்டும்னு குடம் குடமா ஊத்துனா அங்கேயே தடுத்துருங்க.