இத்தாலியில் வதிவிட அனுமதியைச் சட்டத்தரணி இன்றிப் புதுப்பித்தல்

இத்தாலியில் வேலைக்காக வழங்கப்படும் வதிவிட அனுமதியை, நம்மவர்கள் சுருக்கமாகச் சொஜ்ஜோர்னோ என்று சொல்லும் அந்த அட்டையை, புதுப்பிக்க வேண்டிய காலம் வரும்போது பலர் முதலில் தேடுவது ஒரு சட்டத்தரணியை அல்லது சட்டத்தரணியைத் தெரிந்த ஒருவரை. இது பெரும்பாலும் வீண்செலவு. வழக்கமான புதுப்பித்தல் தபாலகத்தில் தொடங்கிக் குவெஸ்தூரா எனப்படும் பொலிஸ் தலைமையகத்தில் முடிகிறது. இரண்டு இடத்துக்கும் விண்ணப்பதாரரே கடவுச்சீட்டுடன் நேரில் போக வேண்டும். தாள்கள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருந்தால், இடையில் வாதாடுவதற்கு எதுவும் இல்லை.

குடிவரவு பற்றிய 1998ஆம் ஆண்டின் 286ஆம் இலக்கச் சட்டம், அனுமதி முடிவதற்குக் குறைந்தது 60 நாட்களுக்கு முன்பே புதுப்பிக்கக் கேட்கும்படி சொல்கிறது. இந்தத் தேதி தவறிவிட்டதே என்று பயந்து வீட்டில் இருந்துவிடக் கூடாது. அனுமதி முடிந்து 60 நாட்களுக்கு மேலாகியும் விண்ணப்பிக்காதிருந்தால்தான் அதே சட்டத்தின்படி நாடுகடத்தும் நிலைமை எழும். எனினும் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் வேலை தருபவருக்கும் குடும்ப வைத்தியருக்கும் விளக்கம் சொல்லும் நாளாகிவிடும் என்பதால், மூன்று மாதங்களுக்கு முன்பே தாள்களைச் சேர்க்கத் தொடங்குவது நல்லது.

விண்ணப்பப் படிவங்கள் அடங்கிய உறை தபாலகத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதை விற்பவரிடம் வாங்கத் தேவையில்லை. வேலை அனுமதிக்கு அதிலுள்ள முதலாம் படிவமும், வருமான விபரம் கேட்கும் இரண்டாம் படிவமும் வேண்டும். தாமாக நிரப்பத் தயங்குபவர்கள் பத்ரோனாத்தோ எனப்படும், இத்தகைய விண்ணப்பங்களுக்கு உதவும் அலுவலகம் ஒன்றுக்குப் போகலாம். தொழிற்சங்கங்களைச் சார்ந்த இன்கா, இனாஸ், இத்தால் போன்றவை பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. அவர்கள் கணினியில் நிரப்பி அச்சிட்டுத் தருவதால் கையெழுத்து விளங்காத சிக்கலும் இல்லாமல் போகும். வெளியில் ஒருவருக்கு நூற்றுக்கணக்கான யூரோ கொடுத்துச் செய்விப்பதும் இதே வேலைதான்.

கையால் நிரப்புவதானால் கறுப்பு மையில், பெட்டிக்கு ஓர் எழுத்தாக, பெரிய எழுத்தில் எழுத வேண்டும். நம்முடைய பெயர்கள் சோதனைக்குள்ளாவது இங்கேதான். இலங்கைக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் பெரும்பாலும் தந்தையின் பெயர் இருக்கும். இத்தாலியப் படிவத்தின் கொன்யோமே என்ற வரியில் அதையும், நோமே என்ற வரியில் சொந்தப் பெயரையும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். ஊரில் எப்படி அழைக்கிறார்கள் என்பது இங்கே செல்லாது. முன்பு எப்போதோ ஓர் அலுவலகத்தில் இவை இடம்மாறிப் பதிவாகியிருந்தால், வரி இலக்கமாகிய கோதிச்சே பிஸ்காலேயே வேறாகியிருக்கும். ஏனெனில் அந்த இலக்கத்தின் முதல் மூன்று எழுத்துகள் குடும்பப்பெயரின் மெய்யெழுத்துகளிலிருந்து வருகின்றன: சிவலிங்கம் என்பது குடும்பப்பெயரானால் எஸ், வி, எல் என்று தொடங்க வேண்டும். உங்கள் இலக்கம் சொந்தப் பெயரின் எழுத்துகளோடு தொடங்கினால், விண்ணப்பிப்பதற்கு முன்பே வரி அலுவலகத்துக்குப் போய்த் திருத்திக்கொள்ளுங்கள். பழைய அனுமதி, கடவுச்சீட்டு, வரி இலக்கம், சம்பளப் பற்றுச்சீட்டு ஆகிய நான்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது பிறகு மாதக்கணக்கான அலைச்சலை மிச்சப்படுத்தும்.

செலவுக் கணக்கு சிக்கலானதன்று. அட்டை அச்சிட 30.46 யூரோ; அதனுடன், ஓராண்டு வரையான அனுமதிக்கு 40 யூரோ, ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டு வரையானதற்கு 50 யூரோ. இரண்டையும் ஒரே தொகையாகத் தபாலகப் பணச்சீட்டில் கட்டலாம். முதலாம் படிவத்தில் ஒட்டுவதற்கு 16 யூரோ வரிமுத்திரையைப் புகையிலைக் கடையில் வாங்க வேண்டும். உறையைக் கொடுக்கும்போது தபாலகம் 30 யூரோ அறவிடும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அட்டைச் செலவு மாத்திரமே. ஒரு காலத்தில் இந்தக் கட்டணம் 80, 100, 200 யூரோவாக இருந்தது. அது அளவுக்கு மீறியது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்த பின்னரே, 2017இல் குறைக்கப்பட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஒரு தரப்பு மேலே சொன்ன இன்கா என்பதையும் நினைவில் வைக்கலாம்.

இணைக்க வேண்டியவற்றில் மிக முக்கியமானது வருமானச் சான்று. ஆண்டு வருமானம் அரசின் சமூக உதவித்தொகை அளவுக்காவது இருக்க வேண்டும். 2024இல் அது ஏறக்குறைய 6,947 யூரோ, அடுத்தடுத்த ஆண்டுகளில் சிறிது கூடும். உடனிருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் அதில் பாதி சேர்க்கப்படும். நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் வேலை ஒப்பந்தம், அண்மைய சம்பளப் பற்றுச்சீட்டுகள், முதலாளி ஆண்டுதோறும் தரும் வருமானச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை வைத்தால் போதும்.

பலெர்மோவிலும் பிற நகரங்களிலும் நம்மவர்கள் பலர் செய்துவரும் வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் நிலைமை சற்று வேறு. வீட்டில் வேலை தருபவர் சம்பளத்திலிருந்து வருமான வரியைப் பிடித்துக் கட்டுவதில்லை. அந்த ஆண்டு கொடுத்த சம்பளத்தை எழுதித் தருவதோடு அவர் பொறுப்பு முடிந்தது. வரிப் பத்திரம் கொடுப்பது தொழிலாளியின் கடமை. அதைக் காஃப் எனப்படும் வரி உதவி அலுவலகம் ஒன்றின் மூலம் ஒவ்வோர் ஆண்டும் செய்திருந்தால், வருமானத்தைக் காட்ட அதைவிடச் சிறந்த தாள் இல்லை. அதே போல, வேலை தருபவர் இன்ப்ஸ் எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர், ஜனவரி மாதங்களின் முதல் பத்து நாட்களுக்குள், பங்களிப்புக் கட்ட வேண்டும். அவர் கட்டுகிறார் என்று நம்பியிருப்பதைக் காட்டிலும், இன்ப்ஸ் தளத்தில் உங்கள் பங்களிப்பு விபரத்தை எடுத்துப் பார்ப்பது பாதுகாப்பானது. ஒரு காலாண்டு விடுபட்டிருந்தால், விண்ணப்பத்துக்கு முன் அவரிடம் பணிவாகக் கேட்டுக் கட்டச் செய்யலாம். விண்ணப்பம் போன பிறகு அதே குறை குவெஸ்தூராவின் கண்ணில் கேள்வியாக நிற்கும்.

வேலை இல்லாமற் போனவர்கள் அனுமதியும் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் பதிந்துகொண்டு, வேலை தேடுவதற்கான அனுமதியைக் கேட்கலாம். சட்டப்படி அது குறைந்தது ஓராண்டுக்கு வழங்கப்படும். இல்லாத வேலைக்குப் பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்வது இதற்கு ஈடாகாது. பொய்த் தாள் பிடிபட்டால் அனுமதி மறுக்கப்படுவதோடு குற்றவழக்கும் வரும். தங்குமிடத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்: வீட்டு ஒப்பந்தமோ, உங்களை இருத்தியிருப்பவர் 48 மணித்தியாலத்துக்குள் பொலிஸுக்குக் கொடுக்க வேண்டிய அறிவித்தலோ உண்மையில் வசிக்கும் முகவரியையே காட்ட வேண்டும்.

எல்லாம் தயாரானதும், உறையை ஒட்டாமல், ஸ்போர்தெல்லோ அமிக்கோ என்ற பெயர்ப்பலகை உள்ள தபாலகக் கருமபீடத்துக்குக் கொண்டு போகவும். மற்றக் கருமபீடங்கள் இதை ஏற்பதில்லை. ஊழியர் கடவுச்சீட்டைப் பார்த்து, தாள்களை எடுத்துக்கொண்டு, பற்றுச்சீட்டு ஒன்றும் குவெஸ்தூராவுக்கு வரவேண்டிய நாள், நேரம் எழுதிய கடிதம் ஒன்றும் தருவார். அந்தப் பற்றுச்சீட்டைக் கையில் வாங்கிய உடனே படமெடுத்து வைத்துவிட்டு, ஒரு பிரதியை வேலை தருபவரிடம் கொடுங்கள். புதிய அட்டை வரும்வரை சட்டப்படி வேலை செய்வதற்கும் மருத்துவப் பதிவை நீடிப்பதற்கும் பழைய அட்டையுடன் சேர்த்து இதுவே ஆதாரம்.

குறித்த நாளில் நான்கு புகைப்படங்கள், கடவுச்சீட்டு, பழைய அனுமதி, பற்றுச்சீட்டு, அனுப்பிய ஒவ்வொரு பிரதியின் மூலமும் எடுத்துச் செல்லுங்கள். கைரேகை பதிவதற்கு ஆகும் நேரத்தைவிட வரிசையில் நிற்கும் நேரமே அதிகம். விண்ணப்பம் அனுப்பிய பிறகு வந்த புதிய சம்பளப் பற்றுச்சீட்டுகளையும் உடன் வைத்திருந்தால், ஏதாவது கேட்டால் அங்கேயே கொடுத்துவிடலாம். பிறகு, பற்றுச்சீட்டில் உள்ள இலக்கத்தைக் கொண்டு பொலிஸின் இணையத்தளத்தில் நிலையைப் பார்த்து வரலாம். சட்டம் 60 நாள் என்கிறது. நடைமுறையில் பல மாதங்கள் செல்லும்.

காத்திருக்கும் காலத்தில் ஊருக்குப் போக வேண்டி வந்தால், பற்றுச்சீட்டுடன் போய்த் திரும்பலாம். ஆனால் மற்றைய ஷெங்கன் நாடுகளின், அதாவது தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின், வழியாகப் போகக் கூடாது. டோஹா அல்லது துபாய் வழியாகப் பயணச்சீட்டு எடுப்பவருக்குச் சிக்கலில்லை. மலிவு என்று பாரிஸ் அல்லது பிராங்க்பேர்ட் வழியாக எடுப்பவர் அங்கே நிறுத்தப்படலாம்.

காத்திருக்கும் காலத்தில் தபாற்பெட்டியிலும் வாசல் மணியிலும் உங்கள் பெயர் இருப்பதை உறுதிசெய்யுங்கள். பலர் சேர்ந்திருக்கும் வீடுகளில் வீட்டுக்காரரின் பெயர் மட்டுமே இருப்பதால் பதிவுத்தபால் திரும்பிப் போகிறது. அந்தத் தபால் அனுமதி மறுக்கப்படவிருப்பதாகச் சொல்லும் முன்னறிவித்தலாக இருக்கலாம். அதற்கு எழுத்தில் பதில் கொடுக்க 10 நாட்களே உண்டு. குறைந்த தாள் ஒன்றைக் கேட்டிருந்தால் அதையே கொடுத்து முடிக்கலாம். பழைய தண்டனை, பொய்யான தாள், நீண்டகாலம் நாட்டில் இல்லாமை போன்ற காரணம் சொல்லியிருந்தால், அல்லது மறுப்பே வந்துவிட்டால், அப்போது சட்டத்தரணி தேவை. வேலை அனுமதி மறுப்புக்கு எதிராக நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக 60 நாள் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு அந்தச் செலவை அரசே ஏற்கும் வழியும் இருக்கிறது.

அட்டையை வாங்கியதும் பிழை இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். முழுதாக ஐந்து ஆண்டுகள் அனுமதியுடன் இருந்தவர்கள், அடுத்த முறை இதே புதுப்பித்தலைச் செய்யாமல், ஏ2 எனப்படும் அடிப்படை நிலை இத்தாலிய மொழிச் சான்றைப் பெற்று நீண்டகால ஐரோப்பிய அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். புதிய அட்டை கிடைத்து 60 நாட்களுக்குள் மாநகர சபையின் வதிவுப் பதிவகத்துக்குப் போய், அங்கேயே தொடர்ந்து வசிப்பதாக எழுதிக் கொடுப்பதை மட்டும் மறக்க வேண்டாம். இதை விட்டுவிட்டால் பதிவு நீக்கப்படலாம். பத்தாண்டு தொடர் வதிவைக் காட்டிக் குடியுரிமை கேட்கும்போது, அட்டைகள் எல்லாம் கையில் இருந்தும், அந்த இடைவெளிக்குப் பின்னுள்ள ஆண்டுகளே கணக்கில் வரும்.