டெல்டாவில் மண்தடப் பந்தயம் நடத்த விரும்புவோருக்கு

சைலன்சரைக் கழற்றிவிட்டு ஆற்றங்கரையில் நாலு பேர் மோட்டார் சைக்கிளை விரட்டுவதற்குப் பந்தயம் என்று பெயர் வைத்த காலம் முடிந்துவிட்டது. 1978 டிசம்பரில் பாரிசிலிருந்து பாலைவனம் தாண்டி ஆப்பிரிக்காவின் டக்கார் நகருக்குப் புறப்பட்ட முதல் டக்கார் பந்தயம் ஒரு சாகசப் பயணமாகவே தொடங்கியது. இன்று அதில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கப்படுகிறது. 2024இல் அதன் மோட்டார் சைக்கிள் பிரிவுகளில் ஒன்றான ராலி 2இல் கேரளத்தின் ஹரித் நோவா முதலிடம் பெற்றிருக்கிறார். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து இளைஞர்கள் இத்துறையில் வளர வேண்டுமானால், அவர்களுக்கு முதலில் வேண்டியது முறையாக நடக்கும் உள்ளூர்ப் பந்தயம்.

முதல் வேலை நிலம் தேர்வது. வயல்தான் சும்மா கிடக்கிறதே என்று நஞ்சையில் தடம் போட நினைக்காதீர்கள். சம்பா அறுவடைக்குப் பிறகும் அங்கே உளுந்தும் பயறும் நிற்கும். அவை எடுத்தபின் வெடித்துக் கிடக்கும் களிமண், ஒரு கோடை மழை பெய்தாலே டயரில் அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது. வல்லம் பக்கத்துச் செம்மண் மேடு இதற்கு எவ்வளவோ மேல். நீர் விரைவில் வடியும், மேடு பள்ளம் அமைத்தாலும் நிற்கும். ஆற்றுக்கரையையும் வாய்க்கால் கரையையும் தொடவே கூடாது, ஏனெனில் கரை பலவீனப்பட்டால் வெள்ளக் காலத்தில் பாதிக்கப்படுவது ஊர் முழுவதும்தான். நில உரிமையாளர் சென்னையில் இருந்து தொலைபேசியில் சரி சொல்லிவிட்டார் என்பது போதாது. குத்தகைக்கு உழுகிறவரிடமும் எழுத்துமூலம் சம்மதம் பெறுங்கள்.

தேதியைப் பயறு அறுவடை முடிந்த சித்திரைக்கும், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கும் இடையில் வையுங்கள். அது கடும் வெயில் காலம் என்பதால் காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடித்து, மீதியை மாலை நான்குக்கு மேல் நடத்துவதே சரி. மேடைப் பேச்சால் தொடக்கம் தள்ளிப்போய், கவசமும் பூட்சும் அணிந்த வீரர்கள் வெயிலில் காத்திருக்கும் வழக்கத்தை இனியாவது விட வேண்டும். தேர்த் திருவிழா நாளைத் தவிர்த்துவிடுங்கள். அன்று காவலர்கள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள்.

பொது இடத்தில் மாநில அரசின் எழுத்துமூல இசைவின்றி மோட்டார் பந்தயம் நடத்துவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். தனியார் நிலமானாலும் காவல்துறைக்கும் ஊராட்சிக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். எஃப்.எம்.எஸ்.சி.ஐ. எனப்படும் தேசிய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் அனுமதியோடு நடத்தினால் விதிமுறைகளும் நடுவர்களும் தெளிவாக அமையும்; அனுபவமுள்ள ஒரு மோட்டார் கழகத்துடன் சேர்ந்து விண்ணப்பிப்பது எளிது. காப்பீட்டை மட்டும் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள்.

மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிப்பது போல, இங்கும் வண்டிகளை என்ஜின் கொள்ளளவின்படி பிரிக்க வேண்டும். புதியவர்களுக்குத் தனிச் சுற்று வையுங்கள், பெண்களுக்கும் ஒரு பிரிவு இருக்கட்டும். பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு வண்டியையும் கையால் தொட்டுப் பாருங்கள்: பிரேக் பிடிக்கிறதா, ஆக்சிலேட்டர் விட்டவுடன் தானே திரும்புகிறதா, என்ஜினை அணைக்கும் சுவிட்ச் வேலை செய்கிறதா, கண்ணாடியும் ஸ்டாண்டும் கழற்றப்பட்டனவா என்பவற்றைச் சரிபார்க்காமல் எண் ஒட்டக் கூடாது. தலைக்கவசத்தின் வார் தளர்ந்திருந்தால், அது எவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

நான் அதிகம் வற்புறுத்துவது பார்வையாளர் இடத்தைப் பற்றித்தான். எங்கள் பக்கத்தில் கூட்டம் கயிற்றுக்குள் நிற்காது; படம் எடுக்க வளைவின் வெளிப்புறத்துக்கு ஓடும், தடம் தவறும் வண்டி பாய்வதும் அங்கேதான். ஆகவே வளைவின் வெளிப்புறத்தையும், தாவும் மேட்டுக்கு அப்பால் வண்டி இறங்கும் இடத்தையும் முற்றாக மூடி, உள்ளூரில் சொன்னால் கேட்கக்கூடிய பெரியவர்களையே அங்கு காவலுக்கு நிறுத்துங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆபத்தை எச்சரிக்க மஞ்சள் கொடியுடன் ஒருவர் இருக்க வேண்டும். சிவப்புக் கொடி காட்டினால் அனைவரும் நிற்க வேண்டும் என்பதைக் காலைக் கூட்டத்தில் தமிழில் விளக்குங்கள். ஆம்புலன்ஸ் ஒருவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், அது திரும்பும் வரையோ மாற்று வண்டி வரும் வரையோ பந்தயம் நிற்கட்டும். கோப்பையின் உயரத்தைக் குறைத்தாவது இரண்டாவது ஆம்புலன்ஸுக்குப் பணம் ஒதுக்குவது நல்லது. புழுதி அடங்க லாரித் தண்ணீரைச் சுற்றுகளுக்கு இடையே தெளியுங்கள். அதிகம் ஊற்றினால் வழுக்கும்.

பந்தயம் முடிந்த வாரத்திலேயே பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, எண்ணெய் சிந்திய மண்ணை வெட்டி அகற்றி, இறுகிய தடத்தை உளிக்கலப்பையால் கீறிவிட்டு, அடைபட்ட வடிகால்களைத் திறந்து, உழுகிறவரை அழைத்துக் காட்டி, அவர் கையெழுத்து வாங்கிய பிறகே நிலத்தை ஒப்படையுங்கள்.