பிள்ளைக்குப் பல் தேய்த்துவிடுவது எப்படி? (கடைசிப் பல்லை விட்டுவிடாமல்)

போன ஜனவரியில் என் மகள் காலையில் வாய் கொப்பளிக்கும்போதெல்லாம் "ஜில்லுங்குதுப்பா" என்று முகத்தைச் சுளிப்பாள். கோத்தகிரியில் ஜனவரி மாதத்துக் குழாய்த் தண்ணீர் வேறு எப்படி இருக்கும்? வெந்நீர் கலந்து கொடுத்தேன். ஒரு நாள், "இந்தப் பக்கம் மட்டும்தான்பா" என்று வலது கன்னத்தில் விரலை வைத்துக் காட்டினாள். குளிர் ஒரு பக்கமாக மட்டும் அடிக்காது என்பது எனக்கு உறைக்க இன்னும் பத்து நாள் ஆனது.

பல் டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கீழ்வரிசைக் கடைசிப் பல்லில் சொத்தை என்றார். "பால் பல்தானே டாக்டர், விழுந்துடுமே" என்றேன். என் அம்மா இருபது வருடமாகச் சொல்லிவரும் வசனம் அது. டாக்டர் சிரிக்கவில்லை. அது பால் பல்லே இல்லையாம். வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல்லாம். அவளுக்கு அப்போது வயது ஏழு.

அன்றிலிருந்து இரவுத் தேய்ப்பு என் பொறுப்பு. நான் எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன்.

படி 1: சாமான்

பிரஷ்: தலை சின்னதாக, நார் மிருதுவாக இருந்தால் போதும். பாட்டுப் பாடும் பிரஷ், விளக்கு எரியும் பிரஷ் எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டேன். பிள்ளை பாட்டைக் கேட்கிறது, பல்லைத் தேய்ப்பதில்லை.

பேஸ்ட்: படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஃபுளோரைடு (சொத்தையைத் தடுக்கும் பொருள்) உள்ள பேஸ்ட் என்றால் அது எத்தனை பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, என்று டியூபிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். நம் நாட்டில் 1000 பிபிஎம்தான் உச்சவரம்பு. நான் வாங்குவது அந்த 1000 உள்ளதைத்தான். முதலில் வாங்கிய ஸ்ட்ராபெரி பேஸ்ட்டில் ஃபுளோரைடே கிடையாது என்பதை டியூப் தீர்ந்த பிறகுதான் படித்தேன். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. (நம் ஊர்ச் சந்தைப் பட்டாணி பெருத்துக் கிடக்கும். அதில் சின்னதாக ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.) விளம்பரத்தில் பிரஷ் முழுக்கச் சுருள் சுருளாக வைப்பார்களே, அது பேஸ்ட் விற்பதற்கு.

கரி, உப்பு, சாம்பல் வேண்டாம். இதற்காக அம்மாவிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டேன், பரவாயில்லை.

அப்புறம் ஒரு டார்ச். போன் டார்ச்சைவிட நெற்றியில் மாட்டும் விளக்கு நல்லது, இரண்டு கையும் மிஞ்சும். கரண்டு போனால் எடுக்க எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

படி 2: நேரம்

காலையில் அவளே தேய்த்துக்கொள்ளட்டும். இரவில் நீங்கள். தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடும், வாயைக் கழுவிவிட ஆள் இருக்காது. ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கைக்கு அந்த நுணுக்கம் வராது. ஷூ லேஸை ஒழுங்காகக் கட்டத் தெரிகிறதா என்று பாருங்கள், அதுவரை உங்கள் கைதான்.

படி 3: படுக்க வைப்பது

வாஷ்பேசின் முன்னால் நிறுத்தித் தேய்த்தால் கன்னம்தான் தெரியும், பல் தெரியாது. நான் கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொள்வேன். இரவு எட்டு மணிக் குளிரில் குளியலறையில் நிற்பதைவிடக் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு வாயைத் திறப்பது அவளுக்கும் பிடித்திருக்கிறது. பேஸ்ட் கொஞ்சம் என்பதால் நுரை வழியாது, பக்கத்தில் ஒரு துண்டு போதும்.

முதலில் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் ஆரம்பம். பழுப்பாகிக் குழி விழுவதற்கு முன் பிடித்துவிட்டால் ஃபுளோரைடு வைத்தே நிறுத்தப் பார்க்கலாம். பால் புட்டியோடு தூங்கும் குழந்தைகளுக்கு மேல் முன்பற்களில்தான் முதலில் வரும். கீழ்ப் பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடும்.

படி 4: கடைசிப் பல் (நான் வழுக்கி விழுந்த இடம்)

பால் பற்கள் மொத்தம் 20. மேலே பத்து, கீழே பத்து. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலே, வரிசைக்குப் பின்னால் நாலு மூலையிலும் ஒவ்வொரு கடைவாய்ப்பல் முளைக்கும். விழுந்தால்தானே புதுப் பல் என்று நாம் முன்பல்லையே பார்த்துக்கொண்டிருப்போம். இது பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்கும். எண்ணிப் பாருங்கள்: நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணினால் ஐந்து வரைக்கும் பால் பல்லின் இடம். ஆறாவதாக ஒன்று இருந்தால், அது விழாத பல்.

சிக்கல் என்னவென்றால், முளைத்து முழு உயரத்துக்கு வர மாதக்கணக்காகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருக்கும். வழக்கம்போல் பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுத்தால், உயரமான பல்லின் மேலேயே ஓடும். தாழ்ந்த பல்லை நார் தொடுவதே இல்லை. பல்லாங்குழியில் பலகையை மட்டும் துடைத்துவிட்டுக் குழியை விட்ட மாதிரி. இவ்வளவு நாள் நான் தினமும் தேய்த்திருந்தாலும் அந்தப் பல் அழுக்காகவேதான் இருந்திருக்கும்.

செய்ய வேண்டியது: வாயை முழுக்கத் திறக்கச் சொல்லாதீர்கள், பாதி போதும், அப்போதுதான் கன்னம் தளரும். வாயோரத்திலிருந்து பிரஷ்ஷைக் குறுக்காக, கன்னத்திலிருந்து நாக்கு பக்கமாகப் போகும்படி நுழையுங்கள். அந்த ஒரு பல்லின் மேல் மட்டும் நார்களை வைத்துச் சின்னச் சின்னதாக ஆட்டுங்கள். பத்து வரை எண்ணலாம். நாலு மூலைக்கும் இதையே முதலில் முடித்துவிட்டு மற்றப் பற்களுக்கு வாருங்கள். பிள்ளையின் பொறுமை ஒரு நிமிடத்தில் தீர்ந்தாலும் முக்கியமானது முடிந்திருக்கும்.

இந்தப் பல்லின் மேல் உள்ள பள்ளங்களை மூடி ஒரு பூச்சு பூசுவார்கள், சீலன்ட் என்று பெயர். மீதி மூன்று பற்களுக்கும் எங்கள் டாக்டர் பூசிவிட்டார். முளைத்ததும் கேட்டிருந்தால் நாலாவதுக்கும் பூசியிருக்கலாம்.

படி 5: துப்பச் சொல்லுங்கள், கொப்பளிக்க வேண்டாம்

நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். அதன் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது: இருமல் சிரப். மலையில் பாதி வருடம் பிள்ளைக்குச் சளிதான். பல் தேய்த்துப் படுக்க வைத்தபின் இனிப்பு சிரப்பை ஊற்றினால் எல்லாம் வீண். சிரப்பை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் தேய்த்துவிடுங்கள்.

சேர்க்கை 1: மகன் விரலைக் கடிக்கிறான் என்று கூடலூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். விரலைப் பற்களுக்கு நடுவில் வைக்காதீர்கள். பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையில் வைத்துக் கன்னத்தை வெளிப்பக்கம் இழுங்கள். கடிக்க எதுவும் அகப்படாது.

சேர்க்கை 2: கீழ் முன்பல் விழாமலே பின்னால் இன்னொரு பல் முளைக்கிறதே என்று இரண்டு பேர் பயந்திருக்கிறார்கள். ஆறு வயதில் இது சகஜம். முன்னால் உள்ளது ஆடினால் பிள்ளையை நாக்கால் ஆட்டிவிடச் சொல்லுங்கள். கொஞ்சமும் ஆடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சேர்க்கை 3: "வர்க்கியை நிறுத்திவிட வேண்டுமா?" நிறைய பேர் கேட்டது இதுதான். வர்க்கி எங்கள் மலைப்பக்கத்து மொறுமொறு பிஸ்கட். எங்கள் வீட்டில் நிறுத்தவில்லை. நாலு மணி டீயோடு இரண்டு, உட்கார்ந்து தின்று முடித்தால் சரி. எத்தனை தின்கிறாள் என்பதைவிட எத்தனை முறை தின்கிறாள் என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. தின்றதும் வாயில் உண்டாகும் புளிப்பை (பல்லை அரிக்கும் அமிலம்) எச்சில் சரிசெய்ய அரை மணி நேரம் போல ஆகும். கையில் ஒன்றை வைத்துக்கொண்டு ஆறு மணி வரை கொறித்தால் அந்த அரை மணி கிடைக்கவே கிடைக்காது. வர்க்கி டப்பா இப்போது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அவளுக்கு எட்டாது, அம்மாவுக்கு எட்டும். அதுதான் அடுத்த பஞ்சாயத்து.