மல்லாட்டையில் (நிலக்கடலையில்) சுருள் பூச்சி: இலையைப் பிரித்துப் பூச்சியின் பருவம் பார்ப்பது எப்படி?

விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்து மானாவாரி மல்லாட்டையில் மழை தள்ளிப்போய் வெயில் காய ஆரம்பித்தால் சுருள் பூச்சி வந்துவிடும். முற்றினால் கொல்லையே (வயலே) தீய்ந்தது போல் தெரியும். அந்த நிலைக்கு முன்னால் பார்த்தால்தான் பயன். 10 மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், குண்டூசி, வெள்ளைத் தாள், ஒரு பாட்டில் போதும்.

1. வரப்போரத்துச் செடியை மட்டும் பார்க்காதீர்கள். கொல்லையில் 5 இடம், இடத்துக்கு 5 செடி. பழுப்புத் திட்டு விழுந்த இலையும் மடங்கிய இலையும் பறியுங்கள்.

2. இலையை வெயிலுக்கு நேரே பிடியுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். டிக்கா என்னும் இலைப்புள்ளி நோயின் புள்ளி வட்டமாக இருக்கும், பெரும்பாலும் சுற்றி மஞ்சள் வளையம் தெரியும், உள்ளே வெற்றிடம் இருக்காது. சுருள் பூச்சித் திட்டில் மேல்தோலும் கீழ்த்தோலும் மட்டும் மிஞ்சி, நடுவில் கருந்துகள்களாக எச்சம் தெரியும். நோய்க்குப் பூச்சிமருந்து அடித்தால் காசுதான் போகும்.

3. திட்டின் ஓரத்தைக் குண்டூசியால் கீறி, மேல்தோலை மெல்ல உரித்துத் தாளில் தட்டுங்கள். நடுவில் குத்தினால் புழு நசுங்கிவிடும், பருவம் தெரியாது. கரும்பழுப்புத் தலையும் பச்சை உடம்புமாகப் புழு நெளியும். தக்காளி, பாகல் இலையில் பாம்பு போல ஓடும் வெள்ளைக் கோடு வேறு. அது ஈயின் புழு: காலும் கிடையாது, தலையும் தனியாகத் தெரியாது. மல்லாட்டையில் இருப்பது அந்துப்பூச்சியின் புழு.

4. இப்போது பருவம், அதாவது முட்டையா, புழுவா, கூட்டுப்புழுவா, அந்தா என்பது. முட்டை இலையின் அடிப்பக்கம் ஒவ்வொன்றாக, பளபளப்பான வெள்ளையில் இருக்கும், லென்ஸ் இல்லாமல் அகப்படாது. பொரித்த புழு ஐந்தாறு நாள் இலைக்குள்ளேயே குடையும். பிறகு வெளியே வந்து, சிற்றிலைகளை நூலால் ஒட்டி உள்ளிருந்து சுரண்டும். வளர்ந்த புழுவில் முதுகுத் தோல் வழியே இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது ஆண், நோய் இல்லை. கூட்டுப்புழுவும் அந்த மடிப்புக்குள்ளேயே கிடக்கும். அந்து சுமார் 6 மில்லிமீட்டர், சாம்பல் பழுப்பு, முன்சிறகின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி.

பறித்த இலைகளில் எந்தப் பருவம் அதிகம் என்று எண்ணுங்கள். கூட்டுப்புழுவே அதிகமென்றால் அன்று தெளிப்பது வீண். மடிப்புக்குள் இருப்பதன் மேல் மருந்து படாது.

5. மடிப்போடு சில இலைகளைப் பாட்டிலில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி நிழலில் வையுங்கள். இறுக்கி மூடினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு வாரம் தினமும் பாருங்கள். அந்துக்குப் பதில் எறும்பளவுக் குளவிகள் வந்தால், புழுவைத் தின்னும் ஒட்டுண்ணி கொல்லையில் இருக்கிறது. அவற்றை அங்கேயே திறந்து விடுங்கள், மருந்தைத் தள்ளிப்போடுங்கள்.

அடுத்த வருஷம் மல்லாட்டை 4 வரிசைக்கு 1 வரிசை கம்பு ஊடுபயிராகப் போட்டுப் பாருங்கள். தாக்குதல் குறையும்.